கருவாட்டு வாசம் காணோம்!

4

"அஞ்சு மணி வரைக்கும்தான் டைம். அஞ்சு அஞ்சுக்கு நான் போலீஸ் ஸ்டேஷன் வாசல்ல நிப்பேன்" என்றார் ஜெகதீசன்.

சுவர்க் கடிகாரத்தில் மணி ஒன்று ஐம்பது. தமிழரசு அதைப் பார்த்தான். பார்த்தவன் சும்மா இருக்காமல் மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த சாமுண்டீஸ்வரியையும் பார்த்துத் தொலைத்தான். மேனாம்பேட்டில் அவன் குடியிருக்கிற காம்பவுண்டில் எதிர் போர்ஷன் அவளுக்கு. போன வருஷம் டெங்கு வந்து பத்து நாள் கிழிந்த பாயாய்க் கிடந்தவனுக்கு மூன்று வேளையும் கஞ்சி வைத்துக் கொடுத்தவள். அந்த அக்காவைத்தான் இந்த ஆள் திருடி என்கிறார். அதனால்தான் தன் முதலாளி கலைவாணியை இங்கே இழுத்து வந்திருந்தான்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஜெகதீசனின் பட்டறை இது. பெரிசாக ஒன்றுமில்லை, முப்பது பேர் வேலை. விஷவாயு முகமூடிக்கு முன்னால் மூக்கு மாதிரி துருத்திக்கொண்டு ஒரு டப்பா இருக்குமே, அந்த டப்பாவைச் செய்கிறார்கள். உள்ளே கரி. காற்று அந்தக் கரி வழியாகத்தான் மூக்குக்கு வரும். விஷம் கரியிலேயே தங்கிவிடும். இருபத்திரண்டு வருஷமாக அந்தக் கரிக்கெல்லாம் காவல் சாமுண்டீஸ்வரிதான். ஸ்டோர் ரூம் சாவி அவள் இடுப்பில்.

"மறுபடி ஒரு தடவை சொல்லுங்க சார். சுருக்கமா" என்றாள் கலைவாணி.

கலைவாணிக்கு வயது ஐம்பத்து நாலு. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் கிளெய்ம்களைப் பிடிக்கிற பிரிவில் இருந்துவிட்டு, விருப்ப ஓய்வு வாங்கி, தையல்கடை மாடியில் துப்பறியும் நிலையம் வைத்தவள். கொரோனாவில் அவளுக்கு மூக்கு போய்விட்டது. அதாவது மூக்கு இருக்கிறது, வேலை செய்யவில்லை. மல்லிகையும் ஒன்றுதான், மாட்டுச்சாணமும் ஒன்றுதான். ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்த தமிழரசுவை உதவியாளாக வைத்துக்கொண்டதற்கு அவன் டிரைவிங் பாதிக் காரணம், மூக்கு பாதிக் காரணம். வாயை மட்டும் அவள் கேட்டு வாங்கவில்லை. இலவசமாக வந்தது.

"எங்க கெமிஸ்ட் பவித்ரா ஒரு புதுக் கரி பண்ணியிருக்கா. திங்கட்கிழமை ஆவடியிலேருந்து பாதுகாப்புத் துறை ஆளுங்க வந்து டெஸ்ட் பண்றாங்க. இருபது கிலோ, ஒரே டிரம், ஸ்டோர்ல பூட்டி வச்சிருந்தோம். நேத்து ஒத்திகை. டப்பாவுல அதை நிரப்பி, நானே மாட்டிக்கிட்டேன். அமோனியா பாட்டிலைத் திறந்தா..."

"சார் ரோடு வரைக்கும் ஓடினாரு" என்றாள் பக்கத்தில் நின்ற பவித்ரா. சிரிப்பை அடக்குகிற முகமில்லை. அழுது முடித்த முகம். மூன்று வருஷ உழைப்பு அவளுடையது.

"டிரம்முக்குள்ள இருக்கிறது வேலைக்கே ஆகாத பழைய கரி. எவனோ மாத்திட்டான். ரூம் பூட்டு உடையல. சாவி இவகிட்ட மட்டும்தான். போட்டிக்கு ஆள் எனக்கு இந்த எஸ்டேட்லயே ரெண்டு பேர் இருக்காங்க. இதுக்கு மேல என்னம்மா துப்பறியறது?"

நேற்று சாயங்காலம் ஷிப்டு முடிகிற நேரத்தில், அத்தனை பேர் பார்க்க, சாமுண்டீஸ்வரியின் கைப்பையைப் பிடுங்கி மேஜை மேல் கொட்டியிருக்கிறார்கள். டிபன் பாக்ஸ், முழங்கால் வலி மாத்திரை, பேரப்பிள்ளைக்கு வாங்கிய முறுக்கு. இரவு முழுக்க அவள் தூங்கவில்லை என்று தமிழரசுவுக்குத் தெரியும். எதிர் போர்ஷனில் விடிய விடிய லைட் எரிந்தது.

பவித்ரா ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியை நீட்டினாள். உள்ளே மிளகு மாதிரி கறுப்பு மணிகள். "இதான் அந்தக் கரி. என் பீரோவில வச்சிருந்த சாம்பிள். இது நல்லாத்தான் வேலை செய்யுது. ஒவ்வொரு மணிக்குள்ளயும் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைங்க இருக்கு மேடம். ஒரு ஸ்பூன்ல இருக்கிற ஓட்டையெல்லாம் பிரிச்சு விரிச்சா ஒரு ஃபுட்பால் கிரவுண்ட் வரும். விஷம் அதுக்குள்ள போய் உக்காந்துடும்."

"எங்க காம்பவுண்டு ஓனர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க மேடம்" என்றான் தமிழரசு. "ஒரு ஸ்பூனுக்கு நாப்பது போர்ஷன்னு வாடகைக்கு உட்ருவாரு."

கலைவாணி ஒரு பார்வை பார்த்தாள்.

"இது திறந்து கிடந்தா என்ன ஆகும் பவித்ரா?"

"சுத்தியிருக்கிற வாடையெல்லாம் குடிச்சுக்கிட்டே இருக்கும். அதுவும் அமோனியா சாதி வாடைன்னா கேக்கவே வேணாம். மூத்திர நாத்தம், மீன் நாத்தம், அழுகல் நாத்தம், எல்லாம் அதுக்கு விருந்து."

"பழைய கரி?"

"அது ஈரம் ஏறிப்போய் வயிறு நிறைஞ்சது. எங்க வச்சாலும் சும்மா கிடக்கும்."

கலைவாணி சாமுண்டீஸ்வரி பக்கம் திரும்பினாள். "சாமுண்டி, பத்து நாளா இந்த கேட்டைத் தாண்டி வெளியே போன சரக்கு என்னென்ன?"

"சரக்கே போகலம்மா. போன சனிக்கிழமை ஒரு கழிவு டிரம் போச்சு. அவ்ளோதான். பழைய கரி. மாசம் ஒரு டிரம் சேரும், லோடு ஏத்துற தங்கராஜ் கேட்டு எடுத்துக்கினு போவான். ஏதோ அவன் அண்ணிக்காம்."

"ரெண்டும் ஒரே மாதிரி டிரம்மா?"

"ரெண்டும் நீலந்தான். புது டிரம்முல பேரு எழுதக் கூடாது, எவன் கண்ணுலயும் படக் கூடாதுன்னு சாரு சொல்லிட்டாரு. அதனால நான் பொட்டு வச்சிருந்தேன். மஞ்சக் குங்குமம். பொட்டு வச்சது நல்ல சரக்கு, பொட்டு இல்லாதது கழிவு. இங்க எல்லாருக்கும் தெரியும்."

"இப்போ ஸ்டோர்ல நிக்கிற டிரம்ல பொட்டு இருக்கு!" ஜெகதீசன் மேஜையைத் தட்டினார். "டிரம் அதேதான். உள்ள இருந்ததை மட்டும் மாத்தியிருக்கா. விவரமான வேலை."

தங்கராஜ் எங்கே என்று கலைவாணி கேட்டாள். செவ்வாய்க்கிழமையிலிருந்து லீவு. போன் ஸ்விட்ச் ஆஃப். பேஷ், என்று நினைத்துக்கொண்டான் தமிழரசு. அவன் ஷேர் ஆட்டோ காலத்தில் தவணை கட்டாதவன்தான் போனை அணைப்பான். இல்லாவிட்டால் தப்புப் பண்ணினவன்.

*

சி.டி.எச். ரோட்டில் ஆம்னி வேன் ஓடவில்லை, நகர்ந்தது. அம்பத்தூர் ஓ.டி.யைத் தாண்டுவதற்குள் மணி இரண்டரை.

"அரசு, வெளியே போனது ஒரே டிரம். அதுக்குள்ள இருந்தது பழைய கரியா, புதுக் கரியா? புதுசுன்னா, அது இருக்கிற இடத்துல ஒரு நாத்தம் நின்னு போயிருக்கணும்."

"நல்லாக் கீது மேடம். நாத்தம் வர்ற இடத்தைத் தேடுன்னா மூக்கை நீட்டிக்கினு போவேன். நாத்தம் நின்னு போன இடத்தைத் தேடுன்னா எதை நீட்டுறது?"

"அதையேதான். நீட்டிட்டு சும்மா இரு."

"அந்தத் தங்கராஜ்தான் மேடம். எனக்கு டவுட்டே இல்ல. போட்டிக்காரன் கையில சரக்கைக் குடுத்துட்டு எங்கயோ போய் ஜாலியா கீறான்."

"போட்டிக்காரனுக்கு ஒரு கைப்பிடி போதுமே. லேப்ல வச்சுப் பார்த்துக்கப் போறான். இருபது கிலோவை எதுக்குத் தூக்கணும்?"

பதில் இல்லாத நேரத்தில் தமிழரசு ஹாரன் அடிப்பான். அடித்தான்.

தங்கராஜின் அண்ணி பொன்னியம்மாவுக்கு ஆவடி மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் கடை. பட்டறையில் விசாரித்ததில் அவ்வளவுதான் தெரிந்தது. சந்துக்குள் நுழைந்ததும் அவன் போர்டைப் படித்தான். படித்ததும் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, சட்டைப் பையிலிருந்து கர்ச்சீப்பை எடுத்து மூக்கில் கட்டினான்.

"என்னடா?"

"கருவாட்டுக் கடை மேடம். மொத்த வியாபாரம் வேற. உங்களுக்கென்னா, குடுத்து வச்சவங்க. எனக்கு இந்த வாடை அடிச்சா மூணு நாளைக்கு சோறு எறங்காது."

ஐந்து மாடி ஃபிளாட் ஒன்றின் தரைத்தளம் அது. கடை முன்னால் பலகை போட்டு நெத்திலி, வாளை, சுறா, காரப்பொடி மீன் என்று கூடை கூடையாகக் குவித்திருந்தது. பின்னால் குடோன், அதில் கூரை வரை மூட்டை. தமிழரசு தூக்குமேடை ஏறுகிறவன் மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனான். எத்தனை நேரம் பிடிப்பது? ஒரு கட்டத்தில் விட்டான். இழுத்தான்.

ஒன்றுமில்லை.

கர்ச்சீப்பைக் கழற்றினான். குனிந்து நெத்திலிக் கூடைக்குப் பக்கத்தில் மூக்கை வைத்து இழுத்தான். ஏதோ கொஞ்சம் உப்பு மாதிரி. நிமிர்ந்தால் அதுவும் போயே போச்சு. குடோனுக்குள் நாலு எட்டு வைத்தான். கல்யாண மண்டபத்தை முந்தின நாள் கழுவி விட்ட மாதிரி இருந்தது காற்று.

"மேடம்!" அவன் குரல் பிசிறியது. "போச்சு மேடம், என் மூக்கு போச்சு! எனக்கும் வந்துட்ச்சு!"

"என்ன வந்துடுச்சு?"

"கொரோனா மேடம்! ஐயோ, நான் இன்னா பண்ணுவேன்! பொழப்பே மூக்குதானே!"

வெளியே ஓடினான். எதிர்ச்சாரியில் பஜ்ஜிக் கடை. கடலை எண்ணெயும் மிளகாயும் சுள்ளென்று ஏறியது. சாக்கடையும் ஏறியது. சந்தோஷத்தில் சாக்கடையை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்துக்கொண்டான். திரும்ப உள்ளே வந்தான். ஒன்றுமில்லை.

அவன் கலைவாணியைப் பார்த்தான். கலைவாணி சிரித்துக்கொண்டிருந்தாள்.

"மூக்கு நல்லாத்தான் இருக்கு அரசு. கடைக்குத்தான் ஏதோ ஆயிருக்கு."

"அதை இன்னாத்துக்குக் கேக்குற தாயி!" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. குரலுக்குப் பின்னால் பொன்னியம்மா வந்தாள். கையில் முறம், முந்தானையில் உப்பு. "என் பொழப்பு நாறிப்போச்சுன்னு சொல்லுவாங்க. எனக்கு நாறாமப் போயிட்ச்சு!"

உட்கார வைத்து, டீ சொல்லி, அவளே எல்லாவற்றையும் கொட்டினாள். இந்த இடம் அவள் மாமனார் காலத்து நெல் வயல். பில்டருக்குக் கொடுத்தபோது தரைத்தளத்தில் இந்தக் கடை தங்களுக்கு என்று எழுதி வாங்கியிருந்தார்கள். மேலே குடி வந்தவர்களெல்லாம் கம்ப்யூட்டர் கம்பெனி ஆட்கள். ஊர் ஊராய் வந்தவர்கள். ஆறு மாசமாய் வாடை, வாடை என்று ஒரே பஞ்சாயத்து. அசோசியேஷன் செக்ரட்டரி ராகவன் நோட்டீசே ஒட்டிவிட்டார். கொழுந்தன் தங்கராஜ் மனசு கேட்காமல் வேலை செய்கிற இடத்திலிருந்து மாசா மாசம் கரி கொண்டுவந்து குடோனில் வைத்தான், வாடையை இழுக்குமாம் என்று.

"இழுத்துதா?" என்றாள் கலைவாணி.

"எங்க இழுத்துது? சும்மா எடத்தை அடைச்சிக்கினு கெடந்துது. போன சனிக்கிழமை ஒரு டிரம்மு கொண்டாந்தான். மூடியைத் தொறந்து மூலையில வச்சான். மறுநாளு காத்தால கடையைத் தொறக்கிறேன், கப்சிப்! அந்த ராகவன் சாரு எறங்கி வந்து கையெடுத்துக் கும்புட்டு தேங்க்ஸுன்னு சொல்றாரு."

"அப்புறம் என்னம்மா கவலை?"

"ஏன் தாயி, வாசம் இல்லாத கருவாட்டை எவன் வாங்குவான்? வர்றவன் மோந்து பாக்குறான், பழைய சரக்குன்னுட்டுப் போறான். அஞ்சு நாளா வியாபாரமே இல்ல. மேல இருக்கிறவன் வாழ்த்துறான், கீழ இருக்கிறவன் வரமாட்டேங்குறான். நான் நடுவுல கெடந்து அல்லாடுறேன்."

குடோன் மூலையில், வாளை மூட்டைக்குப் பின்னால், மூடி திறந்த நீல டிரம். உள்ளே மிளகு மாதிரி கறுப்பு மணிகள். டிரம்மைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தான் தமிழரசு. எங்கும் பொட்டு இல்லை.

அவனுக்குக் கும்மாளம் போடலாம் போலிருந்தது. "கெடச்சிட்ச்சு மேடம்! தங்கராஜ் மாட்டினான்! அக்கா தப்பிச்சுது!"

"இரு" என்றாள் கலைவாணி. "பொன்னியம்மா, இந்த டிரம்மை தங்கராஜுக்கு யார் எடுத்துக் கொடுத்தது?"

"அதான் அங்க ஸ்டோர்ல இருக்குமே ஒரு அம்மா, சாமுண்டீஸ்வரி. அதுதான் ரூமைத் தொறந்து உட்டு எடுத்துக்கோன்னுச்சாம். தங்கமான பொம்பளைன்னு சொல்லிக்கினே இருந்தான்."

தமிழரசுவின் கும்மாளம் அப்படியே அடங்கிப்போனது. அடப்பாவமே! தேடி வந்த சரக்கு கிடைத்துவிட்டது, கூடவே அக்காவின் கழுத்துக்குக் கயிறும் கிடைத்துவிட்டது. ரூமைத் திறந்தது அவள். எடுத்துக்கோ என்றது அவள். ஜெகதீசன் இதைக் கேட்டால் கேஸே முடிந்தது.

"மேடம், இதை அந்தாளுகிட்ட சொல்ல வேணாம். டிரம்மை மட்டும் குடுத்துட்டுப் போயிடலாம்."

"அரசு."

"அக்கா அந்த மாதிரி இல்ல மேடம்! எனக்குக் கஞ்சி ஊத்துன கை அது!"

"எனக்கும் அந்த மாதிரி தோணல. ஆனா நமக்குத் தோணுறது ஸ்டேஷன்ல செல்லாது. தங்கராஜ்கிட்ட பேசணும். எங்கேம்மா அவன்?"

"திருநின்றவூர்ல, பொண்டாட்டி ஆசுபத்திரியில. செவ்வாக்கிழமை பொண்ணு பொறந்திருக்கு. அந்தக் குஷியில போனை பக்கெட்டு தண்ணியில போட்டுட்டான், லூசுப் பய. இரு, அவன் மாமியாருக்குப் போடுறேன்."

மாமியார், மாமனார், ஒரு நர்ஸ் என்று மூன்று கை மாறி போன் தங்கராஜிடம் போனது. பின்னணியில் குழந்தை வீறிட்டது. கலைவாணி ஸ்பீக்கரில் போட்டாள். முதலில் வாழ்த்துச் சொன்னாள். அப்புறம் கேட்டாள்: "சாமுண்டீஸ்வரி உங்ககிட்ட என்ன சொன்னாங்க? வார்த்தை மாறாமச் சொல்லுங்க."

"எப்பவும் சொல்றதுதாங்க. 'உள்ள ரெண்டு டிரம்மு கீது. பொட்டு இல்லாததை எடுத்துக்கோ'ன்னுச்சு. அது வெளிய மேஜையில ஏதோ எழுதிக்கினு இருந்துச்சு. நான் உள்ள போனேன். முன்னாடி இருந்த டிரம்முல பொட்டு. அலமாரிக்குப் பின்னாடி இருந்ததுல இல்ல. இல்லாததை எடுத்தேன். ஏங்க, எதுனா தப்பாயிட்ச்சா?"

"தப்பு நடந்திருக்கு. நீங்க பண்ணலை. குழந்தையைப் பாருங்க."

போனை வைத்ததும் அவள் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. தமிழரசுவுக்கு அந்த முகம் தெரியும். அதற்கப்புறம் கேள்வி கேட்டால் பதில் வராது, வேலைதான் வரும்.

"டிரம்மை ஏத்து."

"அடியாத்தி, அதை எங்க தூக்குறீங்க?" பொன்னியம்மா குறுக்கே வந்து நின்றாள். "வாடை திரும்பிச்சுன்னா அந்த நோட்டீசும் திரும்பிடும். வியாபாரம் போனா நாலு நாள்ல தேறிக்கலாம். கடையே போச்சுன்னா?"

"யம்மா, அந்தத் தங்கமான பொம்பளையை அஞ்சு மணிக்கு உள்ள தள்ளப் போறாங்க. இந்த டிரம்மு போனாத்தான் தப்பிக்கும்" என்றான் தமிழரசு.

பொன்னியம்மா அவனை ஒரு கணம் பார்த்தாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு டிரம்மின் ஒரு பக்கத்தைத் தானே பிடித்தாள். "நின்னுக்கினு கீறியே நைனா, அந்தப் பக்கம் புடி."

*

திருமுல்லைவாயலில் ஒரு தண்ணி லாரி குறுக்கே நின்று இருபது நிமிஷத்தைத் தின்றது. தமிழரசு அந்த லாரியின் மூன்று தலைமுறையையும் திட்டித் தீர்த்தான். எஸ்டேட்டுக்குள் ஆம்னி நுழைந்தபோது மணி நாலு ஐம்பத்திரண்டு. ஜெகதீசன் கார் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, கையில் புகார் எழுதி வைத்த கவரோடு நின்றார். கேட்டில் ஆயுத பூஜைக்குக் கட்டிய வாழைக்கன்று காய்ந்து தொங்கியது.

டிரம்மைப் பார்த்ததும் பவித்ரா கத்தியேவிட்டாள். ஒரு கை அள்ளி, டப்பாவில் போட்டு, பொறுமையில்லாமல் முகமூடியைத் தானே மாட்டிக்கொண்டு, அமோனியா பாட்டிலைத் திறந்து நின்றாள். ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். இருமல் இல்லை. கண்ணில் தண்ணீர் மட்டும் வந்தது, அது வேறு தண்ணீர்.

"கருவாட்டு வாடையைக் கொஞ்சம் குடிச்சிருக்கு சார். ராத்திரி ஓவன்ல போட்டு சூடு காட்டினா கக்கிடும். திங்கட்கிழமைக்குத் தயார்."

"எங்க இருந்துச்சு?" என்றார் ஜெகதீசன். கலைவாணி ஒன்று விடாமல் சொன்னாள். ரூமைத் திறந்தது சாமுண்டீஸ்வரி என்றதும் அவர் கவரைத் தட்டிக் காட்டினார். "நான் சொன்னேனா இல்லையா? அவளே தூக்கிக் கொடுத்திருக்கா!"

"ஸ்டோருக்குப் போகலாம் சார். ரெண்டே நிமிஷம்."

ஸ்டோரில் எல்லாமே கறுப்பு. சுவர், அலமாரி, பல்பு, எதைத் தொட்டாலும் கரி. நடுவில் அந்த ஏமாற்று டிரம். அதன் நெற்றியில் பொட்டு. தமிழரசு விரலால் மேலே இருந்த தூசியைத் துடைத்தான். குங்குமத்தைச் சுற்றி வெளிறிய ஒரு வட்டம். அகலமான வட்டம்.

"சாமுண்டி, நீங்க எப்படி வைப்பீங்களோ அப்படி இந்தச் சுவத்துல ஒரு பொட்டு வைங்க" என்றாள் கலைவாணி.

சாமுண்டீஸ்வரி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். அலமாரியிலிருந்த டப்பாவில் மஞ்சளைக் குழைத்து, நுனி விரலால் சின்னதாய் ஒரு தீற்று, அதன் மேல் துளி குங்குமம். தள்ளி நின்று டிரம்மைப் பார்த்தாள். புருவம் சுருங்கியது. கிட்டே போய்க் குனிந்து பார்த்தாள்.

"இது சந்தனம்மா. நான் சந்தனம் வைக்க மாட்டேன். கரித்தூள்ல காஞ்சு உதிர்ந்துடும். ஐயோ, திங்கட்கிழமையே பாத்தேனே! பொட்டு இருக்கான்னுதான் பாத்தேன், என்னா பொட்டுன்னு பாக்கலையே!"

"சந்தனப் பொட்டு வச்சது யாரு?"

வாசல் வழியே பட்டறை தெரிந்தது. லேத் மெஷினில், பிரஸ்ஸில், தராசில், ஜெகதீசனின் கார் பானெட்டில், எல்லாவற்றிலும் அதே அகலச் சந்தனம், அதன் நடுவில் குங்குமம். தமிழரசு ஒவ்வொன்றாய்ப் பார்த்துக்கொண்டே வந்து கடைசியில் ஜெகதீசனின் கட்டை விரலில் வந்து நின்றான்.

"ஆயுத பூஜைக்குப் பசங்களை விட்டு எல்லா ரூமையும் ஈரத்துணியால துடைச்சதும், எல்லாத்துக்கும் சார்தான் பொட்டு வைப்பாரு" என்றாள் பவித்ரா மெல்ல. "வேற யாரையும் தொட விடமாட்டாரு."

"ஆனா ரூம் சாவி சாமுண்டிகிட்ட மட்டும்தானே இருந்தது?" என்றாள் கலைவாணி.

"அன்னிக்கு..." சாமுண்டீஸ்வரி நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அன்னிக்கு எல்லாச் சாவியும் சாமி முன்னாடி தட்டுல வச்சோம்! நான் பின்னாடி சுண்டல் தாளிச்சுக்கினு இருந்தேன்."

ஜெகதீசன் தன் கட்டை விரலைப் பார்த்துக்கொண்டார். "பூஜைக்குத் திறந்தது... அது... அதெல்லாம் ஒரு திறக்கிறதா?"

"அதனாலதான் சார் உங்களுக்கு ஞாபகமே வரல. பூஜைக்கு முன்னாடி பசங்களை விட்டு ரூமைத் துடைச்சீங்க. டிரம்மெல்லாம் நகர்ந்தது, ஈரத்துணி பட்டு சாமுண்டி வச்ச மஞ்சப் பொட்டு அழிஞ்சது. நல்ல டிரம்மைக் கொண்டுபோய் அலமாரிக்குப் பின்னாடி வச்சாங்க. நீங்க சந்தனக் கிண்ணத்தோட வந்தீங்க. கையெட்டினதுக்கெல்லாம் பொட்டு வச்சீங்க. அலமாரிக்குப் பின்னாடி உங்களால நுழைய முடியல."

தமிழரசு ஜெகதீசனின் தொப்பையைப் பார்த்தான். சொல்ல ஆயிரம் இருந்தது. சொல்லாமல் விட்டான், அதற்கு அவனுக்கு ஒரு மெடல் கொடுக்கலாம்.

"கழிவுக்கு நீங்க பொட்டு வச்சீங்க, நல்லது பொட்டு இல்லாம நின்னுது. அப்புறம் சனிக்கிழமை வந்த தங்கராஜ் உங்க பட்டறை வழக்கப்படி பொட்டு இல்லாததை எடுத்துட்டுப் போனான். திருடன்னு யாருமே இல்ல சார். கவரைக் கிழிச்சுப் போடுங்க."

ஜெகதீசன் கிழித்தார். கிழித்ததைப் பையில் திணித்துக்கொண்டார். முகம் தொங்கிப்போயிருந்தது. கெட்ட மனுஷன் இல்லை, அவசரக்காரர். அதற்காக அவர் செய்தது சரியாகிவிடுமா என்ன? நன்றாக அனுபவிக்கட்டும் என்றுதான் தமிழரசு நினைத்தான்.

"தப்பு நடந்துபோச்சு சாமுண்டி. மனசுல வச்சுக்காதே. போய் வேலையைப் பாரு."

சாமுண்டீஸ்வரி அசையவில்லை. இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து டிரம்மின் மேல் வைத்தாள்.

"சார், என் பையை இங்க ஒதுக்குப்புறமாவா கொட்டுனீங்க?"

"என்னது?"

"முப்பது பேரு பாத்துக்கினு இருந்தாங்க. நேத்து சேந்த அந்த பிரஸ்ஸு பொண்ணும் பாத்துச்சு. என் பேரனுக்கு வாங்குன முறுக்கை எடுத்து ஆட்டிப் பாத்தீங்க. இப்ப சொன்னதை அவங்க முன்னாடி சொல்லுங்க."

ஜெகதீசன் கலைவாணியைப் பார்த்தார். அவள் பல்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பவித்ரா தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தமிழரசு மட்டும் அவரை நேராகப் பார்த்தான்.

ஷிப்டு முடிய இன்னும் அரை மணி இருந்தது. ஜெகதீசன் போய் மணியை அடித்தார். மெஷின்கள் ஒவ்வொன்றாய் நின்றன. கரி படிந்த முகங்களோடு எல்லாரும் வந்து கூடினார்கள். நேற்றுச் சேர்ந்த பெண்ணும் வந்தாள். அதே மேஜைக்குப் பக்கத்தில் அவர் நின்றார். தொண்டையைக் கனைத்தார். ஆவடி ஆட்களுக்கு இங்கிலீஷில் பேசி அசத்துகிற மனுஷன் சட்டைப் பட்டனைத் திருகிக்கொண்டே ஆரம்பித்தார்.

"புது டிரம் கிடைச்சிடுச்சு. யாரும் திருடல. கழிவு டிரம்முக்குப் பொட்டு வச்சது நான். பூட்டைத் திறந்தது நான். பழியை இந்த அம்மா மேல போட்டதும் நான்தான்." சாமுண்டீஸ்வரி பக்கம் திரும்பினார். "இருபத்திரண்டு வருஷமா ஒரு ஆணி குறைஞ்சதில்லை இந்த ஸ்டோர்ல. எனக்குத் தெரியும். தெரிஞ்சும் பையைக் கொட்டினேன். மன்னிச்சுக்கணும்."

யாரும் கை தட்டவில்லை. அதற்கான நேரமும் இல்லை அது. பிரஸ் பக்கத்திலிருந்து ஒரு அம்மாள் வந்து சாமுண்டீஸ்வரியின் தோளைப் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான், நேற்றிலிருந்து ஒரு சொட்டு விடாதவள், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். தமிழரசுவுக்கும் கண் கலங்கியது. கரித்தூள் என்று யாரிடமோ தேவையில்லாமல் விளக்கம் சொன்னான்.

அழுது முடித்து அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஜெகதீசன் சாவிக்கொத்தை நீட்டிக்கொண்டு நின்றார்.

"வாங்கிக்கிறேன் சார். ஆனா திங்கட்கிழமை அந்த ஆபீசருங்க முன்னாடி டிரம் மூடியைத் தொறக்கிறது நான்தான். யாரும்மா நீன்னு அவங்க கேப்பாங்க. நீங்க பதில் சொல்லணும்."

இருபத்திரண்டு வருஷத்தில் அவர் அவளை நீ, வா, போ என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்.

"சொல்றேம்மா" என்றார். "நீங்க ஒம்பது மணிக்கு வந்துடுங்க."